ஸ்கார்விக்கில் இறங்கியவள்

ஆஸ்லாக் போனை வைத்துவிட்டு, "சனிக்கிழமை ஸ்கார்விக் போறோம்" என்றான். அப்புறம் வாணலியில் இருந்த மீனைத் திருப்பிப் போட்டான்.

தட்டு எடுத்துவைத்துக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. அந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. மலைகளுக்கு நடுவே கடல் நீளமாக உள்ளே வந்து கிடக்கும் ஒரு ஃபியோர்டின் கரையில், சில வீடுகளும் ஒரு சின்னத் தேவாலயமும் உள்ள இடம் அது. சாலை கிடையாது. படகில்தான் போக வேண்டும். அங்கே இருப்பவர் போர்கில்ட், என் கணவனுடைய முதல் மனைவி துரீத்தின் அம்மா.

துரீத் பதினான்கு வருடங்களுக்கு முன்பு ஒரு கோடைக்காலைப் பொழுதில் பெர்கனிலிருந்து தனியாக ரயில் ஏறினாள். மலை உச்சியில் மிர்டாலில் மாறி, சரிவு ரயிலில் ஃப்ளோமில் இறங்கி, அங்கே படகைப் பிடித்தாள். சுற்றுலாக்காரர்கள் ஒரே நாளில் சுற்றி வரும் அதே வழிதான். படகு குட்வாங்கனில் கரை சேர்ந்தபோது மேல்தளத்து பெஞ்சில் அவளுடைய பையும் கம்பளிச் சட்டையும் இருந்தன. அவள் இல்லை. நாள்கணக்கில் தேடினார்கள். ஃபியோர்டின் ஆழம் மலையின் உயரத்துக்குச் சமம், உள்ளே போனது எல்லாமே மேலே வராது என்று சொல்லிவிட்டார்கள். பிற்பாடு நீதிமன்றம் அவளை இறந்தவளாக அறிவித்தது. நான் ஆஸ்லாக்கைச் சந்தித்தது அதற்கும் பிறகு. போன இலையுதிர்காலத்தில்தான் கல்யாணம் செய்துகொண்டோம்.

"எதுக்குக் கூப்பிடறாங்களாம்?" என்று கேட்டேன்.

"சாப்பிட. ரெண்டு பேரையும். நல்ல செருப்பு போட்டுட்டு வரச் சொன்னாங்க."

அதற்குமேல் அவனிடம் எதுவும் வராது என்று எனக்குத் தெரியும். எங்கள் மேற்குக் கரை ஆண்கள் பொதுவாகவே வார்த்தைக்கு வரி கட்டுகிறவர்கள் போலத்தான் இருப்பார்கள். ஆஸ்லாக் அதிலும் ஒரு படி மேல். பாலங்களில் விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்ப்பது அவன் வேலை. பாலங்களோடு பேச வேண்டியதில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். ரயிலில் ரொட்டியும் பழுப்புப் பாலாடைக் கட்டியும் வைத்த பொட்டலத்தைப் பிரித்து அவனுக்குப் பாதி கொடுத்தேன்.

"ஜன்னல் பக்கம் உக்காரறியா?"

"நீ உக்காரு. நான் பாத்திருக்கேன்."

வோஸ் தாண்டும்வரை எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

மிர்டாலில் சரிவு ரயிலுக்கு மாறினோம். பாதி வழியில் பெரிய அருவிக்கு எதிரே அந்த ரயில் வழக்கம்போல நின்றது. எல்லோரும் படம் எடுக்க இறங்கினார்கள். ஒலிபெருக்கியில் பாட்டு ஆரம்பித்தது. அருவிக்குப் பக்கத்தில் இடிந்து கிடக்கும் கல்சுவரின் பின்னாலிருந்து சிவப்பு உடை போட்ட ஒரு பெண் வந்து கையை வீசி ஆடினாள். மனிதர்களை மயக்கி மலைக்குள் கூட்டிக்கொண்டு போய்விடும் மலைப்பெண் அவள். கீழே மறைந்த மறுகணம் இன்னும் உயரத்தில் தோன்றினாள். கூட்டம் கை தட்டியது.

என் பக்கத்தில் நின்ற டிரோண்ட்ஹெய்ம்காரர் ஒருவர் தொப்பியைப் பிடித்துக்கொண்டே சொன்னார். "ரெண்டு பொண்ணுங்க. கீழ ஒருத்தி, மேல ஒருத்தி. நாட்டியம் படிக்கிற பிள்ளைங்க. இது தெரியாம என் மச்சான் மூணு வருஷம் இந்தப் பக்கமே வரல."

"இப்ப வந்திருக்காரா?"

"அதோ, ரயில்லயே உக்காந்திருக்கான்."

நானும் சிரித்துக்கொண்டு ரயிலைத் திரும்பிப் பார்த்தேன். ஆஸ்லாக்கும் இறங்கவில்லை. ஜன்னலுக்குப் பின்னால் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். அந்த ஜன்னலுக்கு நேர் எதிரே, ஈர நடைமேடையில், பச்சை மழைக்கோட்டு போட்ட ஒரு பெண் நின்றிருந்தாள். எல்லோரும் அருவியைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரயில் ஊதியது. கூட்டம் என்னைத் தள்ளிக்கொண்டு ஏறியது. அவள் எந்தப் பெட்டியில் ஏறினாள் என்று நான் பார்க்கவில்லை.

ஃப்ளோமில் படகு தயாராக இருந்தது. இப்போதெல்லாம் மின்சாரப் படகுகள், இன்ஜின் சத்தமே இல்லை. கரை நம்மைவிட்டு நகர்ந்து போவதைப் பார்த்துத்தான் படகு கிளம்பியதே தெரியும்.

"மேல போலாமா?" என்றேன்.

"நீ போ. நான் கீழயே இருக்கேன்." தண்ணீர் தெரியாத மூலையாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டான்.

மேல்தளத்தில் கூட்டம் முழுவதும் முன்பக்கம் நின்றது. பின்பக்க பெஞ்சுகள் காலியாக இருந்தன. ஒன்றில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தேன். பச்சை அல்ல, கறுப்பும் அல்ல, உள்ளே வெளிச்சம் போய் எங்கோ தீர்ந்துபோகும் நிறம். எந்த பெஞ்சில் அவள் பை இருந்திருக்கும் என்ற யோசனையை விரட்ட முடியவில்லை.

யாரோ வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சுற்றிலும் அத்தனை பெஞ்ச் காலியாக இருக்கும்போது இன்னொருத்தர் பக்கத்தில் வந்து உட்காருவது எங்கள் ஊரில் யாரும் செய்யாத காரியம். வெளிநாட்டுக்காரியாக இருக்கும் என்று திரும்பினேன். பச்சை மழைக்கோட்டுக்காரி. ஐம்பது வயதுக்குமேல் இருக்கும். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். ஒடிசலான முகம். எங்கள் பக்கத்துப் பேச்சுத்தான் பேசினாள்.

"எது வரைக்கும்?"

"ஸ்கார்விக்."

"அங்க யாரும் எறங்கமாட்டாங்களே."

"வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க. அவர் கீழ உக்காந்திருக்கார். தண்ணியைப் பாக்க அவருக்குப் பிடிக்காது."

அவள் தலையசைத்தாள். நான் மறுபடி தண்ணீரைப் பார்த்தேன்.

"வீட்லயும் இப்படிப் பாடுவியா?" என்றாள்.

அப்போதுதான் நான் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது எனக்கே தெரிந்தது. "அய்யோ, தொந்தரவா இருந்துச்சா?"

"இல்ல, இல்ல. கேக்கத்தான் கேட்டேன். வீட்ல பாடுவியா?"

"சமைக்கிறப்ப பாடுவேன்."

"அவர் ஒண்ணும் சொல்லமாட்டாரா?"

"அவர் எதுக்குமே ஒண்ணும் சொல்றதில்ல."

அவள் சிரித்தாள். ரொம்ப நாள் கழித்துச் சிரிப்பவர்களின் சிரிப்பு போல ஆரம்பத்தில் தடுக்கி, பிறகு விட்டு வந்தது. "ஆமா. அப்படித்தான் இருப்பாங்க. அதுக்காக நீ நிறுத்திடாத. நானும் பாடிட்டுத்தான் இருந்தேன். சத்தம் சுவத்துல பட்டு எனக்கே திரும்பி வந்துச்சு. நிறுத்திட்டேன். நிறுத்தினதே அந்த ஆளுக்குத் தெரியல."

நான் பெர்கனில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். யாரோடு பேசினாலும் முதலில் கண்ணைத்தான் பார்ப்பேன். படகு ஒரு வளைவு திரும்பியதும் வெயில் தண்ணீரில் பட்டு எங்கள் முகத்தில் அடித்தது. எனக்குக் கண் கூசி நீர் வந்தது. அவள் இமைக்கவில்லை. அவளுடைய கண்மணிகள் இருட்டறையில் உட்கார்ந்திருப்பவருடைய கண்மணிகள் போல அகலமாக விரிந்தே இருந்தன. அவ்வளவு வெளிச்சத்திலும் ஒரு மயிரிழைகூடச் சுருங்கவில்லை. டாக்டரிடம் போய்க் கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு வந்திருப்பாள் என்று நினைத்தேன். தொழில் புத்தி அப்படித்தான் சமாதானம் சொன்னது. ஆனால் என் முதுகுத்தண்டு கேட்கவில்லை. எழுந்து கீழே போய்விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் படகுப் பணியாளர் ஒருவர் வந்தார். "ஸ்கார்விக் வருது. மூணு பேர்தானே?"

"ரெண்டு" என்றான் ஆஸ்லாக்.

"மூணு பேர்னு மேல ஒரு அம்மா சொன்னாங்களே. அவங்களும் எறங்கணுமாம்."

ஆஸ்லாக் தோளைக் குலுக்கினான். பலகை போட்டார்கள், நாங்கள் இறங்கினோம். மூன்றாவது ஆளுக்காகப் பணியாளர் கொஞ்சம் காத்திருந்தார். மேலே அண்ணாந்து பார்த்தார். பிறகு பலகையை இழுத்துக்கொண்டார். படகு சத்தமில்லாமல் விலகிப்போனது.

போர்கில்ட் படகுத்துறையில் நின்றிருந்தார். எண்பது தாண்டியிருக்கும், ஆனால் நிமிர்ந்த உடம்பு. எனக்குக் கை கொடுத்தார். ஆஸ்லாக்கை ஏற இறங்கப் பார்த்தார்.

"இளைச்சுட்ட."

"நீங்க அப்படியேதான் இருக்கீங்க."

"பொய் சொல்லக் கத்துக்கிட்டியா? நல்லது. காபி அப்புறம். முதல்ல தேவாலயம் வரைக்கும் வாங்க."

கல்லறைத் தோட்டம் தேவாலயத்தின் பின்னால், மலை செங்குத்தாக ஏறத் தொடங்கும் இடத்தில் இருந்தது. ஆடுகள் சுவருக்கு வெளியே மேய்ந்துகொண்டிருந்தன. ஓரத்தில் ஒரு புதுக்கல். அதில் துரீத்தின் பெயர்.

ஆஸ்லாக் தொப்பியைக் கழற்றினான். "நல்ல கல்லு" என்றான். பிறகு குனிந்து பார்த்துவிட்டு, "வருஷம் தப்பா வெட்டியிருக்காங்க" என்றான்.

"தப்பில்ல, ஆஸ்லாக்."

"இந்த வருஷம் போட்டிருக்கு."

"இந்த வருஷம்தான். மார்ச் மாசம்."

அவன் மறுபடியும் கல்லைப் பார்த்தான். விரலால் எண்களைத் தடவினான், பாலத்தில் விரிசலைத் தடவுவது போல. கல்லுக்கு முன்னால் மண் புதிதாக இருந்தது. புல் இன்னும் பிடிக்கவில்லை. மலையிலிருந்து பனி உருகி வழியும் தண்ணீரின் சத்தம் கேட்டது.

"சாம்பலை நான்தான் போய் வாங்கிட்டு வந்தேன்" என்றார் போர்கில்ட். "வாங்க, வீட்டுக்குப் போலாம். நின்னுட்டே சொல்ற விஷயமில்ல இது."

வீட்டில் புளித்த பாலாடைக் கஞ்சி வைத்திருந்தார், மேலே சர்க்கரையும் லவங்கப்பட்டைத் தூளும் தூவி. பக்கத்தில் உப்பிட்டு உலர்த்திய ஆட்டுக்கறி. யாரும் கரண்டியைத் தொடவில்லை. போர்கில்ட் கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டு சொன்னார்.

அன்றைக்கு துரீத் படகிலிருந்து ஸ்கார்விக்கில்தான் இறங்கியிருந்தாள். மலையேற வந்த ஒரு ஜெர்மன் கூட்டத்தோடு கூட்டமாக இறங்கினாள். பையையும் சட்டையையும் வேண்டுமென்றே விட்டுவிட்டு வந்திருந்தாள். இரண்டு நாள் இந்த வீட்டிலேயே இருந்தாள். அப்புறம் ஆட்டுப்பாதை வழியாக மலை ஏறி அந்தப் பக்கம் இறங்கிப் போய்விட்டாள். வடக்கே, ஃபின்லாந்துப் பக்கம், ஒரு மலை விடுதியின் சமையலறையில் வேலை. வேறு பெயர். கிறிஸ்துமஸுக்கு ஒரு போன். ஒருமுறைகூடத் திரும்பி வரவில்லை. போன குளிர்காலத்தில் நுரையீரலில் வியாதி. ஆஸ்பத்திரியில் கடைசியாகத் தன் நிஜப் பெயரைச் சொல்லியிருக்கிறாள். அங்கிருந்து அம்மாவுக்குத் தகவல் வந்தது.

ஆஸ்லாக் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டான். "அன்னிக்கு சாயந்திரம் போலீஸ் இங்க வந்தாங்களே."

"மாடி அறையில இருந்தா."

"மறுநாள் நான் வந்தேன். இதே நாற்காலியிலதான் உக்காந்திருந்தேன்."

"அப்பவும் இருந்தா."

"நான்..." அவன் நிறுத்தினான்.

"நீ அழுதது அவளுக்குக் கேட்டுச்சு" என்றார் போர்கில்ட். "நான் மேல போய் எறங்கி வாடீன்னு கூப்பிட்டேன். அவ என்ன சொன்னா தெரியுமா? இந்த அழுகையைப் பத்து வருஷத்துல ஒரு தடவை அவ இருக்கறப்ப அழுதிருந்தா போதும்னா. இப்ப எறங்கி வந்தா நீ கண்ணைத் தொடச்சுட்டு மறுபடி பேசாம ஆயிடுவ, அந்த மௌனத்துல ஒருநாள் நிஜமாவே தண்ணிக்குள்ள போயிடுவேன்னா. பெத்தவ நான் என்ன பண்ணுவேன்? செத்த மகளைவிட காணாமப்போன மக போதும்னு வாயை மூடிக்கிட்டேன்."

"பதினாலு வருஷம்."

"ஆமா. கல்லு வெச்சதும் ஊருக்குத் தெரியும். இன்னொருத்தர் வாயால நீ கேக்கக் கூடாதுன்னுதான் கூப்பிட்டேன். என்னைத் திட்டறதுன்னா திட்டு."

அவன் திட்டவில்லை. எழுந்து வெளியே போனான். ஜன்னல் வழியாக, அவன் படகுத்துறை வரை நடந்து போய் விளிம்பில் நிற்பது தெரிந்தது. நான் எழப்போனேன். போர்கில்ட் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"விடு. கொஞ்ச நேரம் நிக்கட்டும்." பிறகு மெதுவாகச் சொன்னார். "உங்க கல்யாணத்தை நான்தான் அவகிட்ட சொன்னேன். கடைசிக் கிறிஸ்துமஸுக்கு. கோவப்படுவாளோன்னு பயந்தேன். படல. அந்தப் பொண்ணு எப்படி, கலகலன்னு இருப்பாளான்னு கேட்டா. எனக்கெப்படித் தெரியும், நான் பாத்ததில்லையேன்னேன். எனக்கு ஒரு தடவை பாக்கணும்மா அப்படின்னா."

அவர் தன் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். சமையலறை அடுப்புக்கு முன்னால் ஒரு பெண். ஒட்ட வெட்டிய நரைமுடி. ஒடிசலான முகம். எங்கள் வீட்டில் ஒரே ஒரு பழைய கல்யாணப் படத்தில் நான் பார்த்திருந்த, நீளக்கூந்தலும் உருண்டைக் கன்னமுமான துரீத்தை இந்த முகத்தில் கண்டுபிடிக்கவே முடியாது. ஆனால் இந்த முகத்தை எனக்கு அடையாளம் தெரிந்தது.

போனை மேசையில் வைத்தேன். "இவங்க இன்னிக்கு எங்க கூட வந்தாங்க" என்றேன். "படகுல. என் பக்கத்துல உக்காந்து பேசினாங்க."

போர்கில்ட் என்னைப் பைத்தியம் என்று நினைப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன போட்டிருந்தா?"

"பச்சைக் கலர்ல ஒரு மழைக்கோட்டு."

"அது என்னோடது. மலை ஏறினப்ப மழை. நான்தான் போட்டுவிட்டேன்."

அவர் எழுந்து போய் வாசல்கதவைத் திறந்து, மூடிக்கொள்ளாதபடி ஒரு கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு வந்தார். உள்ளே குளிர்காற்று வந்தது. உட்கார்ந்து, ஆறிப்போன கஞ்சியைச் சாப்பிட ஆரம்பித்தார். "சாப்பிடு" என்றார் என்னிடம். நானும் சாப்பிட்டேன். இருவரும் கதவைப் பார்க்கவில்லை.

மாலைப் படகில் குட்வாங்கன் போனோம். இந்தத் தடவை ஆஸ்லாக் என்னைக் கேட்காமலே மேல்தளத்துக்கு ஏறினான். கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றான். சுற்றிலும் நான் முகம் முகமாகப் பார்த்தேன். பச்சைக் கோட்டு எங்கும் இல்லை.

குட்வாங்கனிலிருந்து பஸ். வோஸில் ரயில். ஜூன் மாத வெளிச்சம் போகவே இல்லை, ஏரிகள் எல்லாம் விழித்துக்கொண்டே கிடந்தன. அவன் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். இனி இவன் வாயே திறக்க மாட்டானோ, எங்கள் வீட்டில் என் குரலும் சுவரில் பட்டு எனக்கே திரும்பி வரப்போகிறதோ என்று எனக்குப் பயமாக இருந்தது. செத்தவளைப் பார்த்த பயத்தைவிட அது பெரிதாக இருந்தது.

"ஆஸ்லாக், நான் ஒண்ணு சொல்லணும். நம்பறதும் நம்பாததும் உன் இஷ்டம்." ஒன்றுவிடாமல் சொன்னேன். அருவிக்கு எதிரே நின்றவள், பெஞ்சில் வந்து உட்கார்ந்தது, பாட்டைப் பற்றிக் கேட்டது, கண்கள், போர்கில்டின் போனில் இருந்த படம்.

அவன் நம்புகிறேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இரண்டு சுரங்கங்கள் கடந்தன. மூன்றாவதிலிருந்து வெளியே வந்தபோது அவன் முகம் நனைந்திருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"ஃபியோர்டுல பொணம் கெடச்சா அடையாளம் காட்ட என்னைத்தான் கூப்பிடுவாங்க" என்றான். "மொதல்ல ஒரு பையன். ஆம்பளைன்னு தெரியாம கூப்பிட்டுட்டாங்க, யாரோ தப்பா எழுதிட்டாங்க. அவன் கையில மோதிரம் இருந்துச்சு. நான் அவனையே பாத்துட்டு நின்னேன். அப்புறம் ஒரு வயசானவங்க. அப்புறம் ஒரு பொண்ணு."

அவன் என்னிடம் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதே இல்லை.

"அந்தப் பொண்ணு கம்பளிக் காலுறை போட்டிருந்தா. கையால பின்னினது. யாரோ அவளுக்காக உக்காந்து பின்னியிருக்காங்க. ஆனா யாரும் அவளைத் தேடி வரல. எனக்குத் தெரியும் அது துரீத் இல்லன்னு. உயரமே வேற. இல்லன்னு சொல்லிட்டு வீட்டுக்கு வந்தேன், தூங்க முடியல. எங்க பொதச்சிருக்காங்கன்னு விசாரிச்சேன். வருஷாவருஷம் நவம்பர்ல போய் மெழுகுவர்த்தி வெப்பேன்."

"எனக்குத் தெரியாதே."

"யாருக்கும் தெரியாது. போன வருஷம் வேலைன்னு சொல்லிட்டுப் போனேன்."

பெர்கன் வரும்வரை பேசினான். வீட்டிலும் பேசினான். அந்தக் கோடை முழுவதும், சொல்லிச் சொல்லிப் பழக்கமில்லாத வாயால், தடுக்கித் தடுக்கிப் பேசினான். சில நாள் கோபம். இத்தனை வருடம் தன்னைத் தண்ணீரைப் பார்க்கவே அஞ்ச வைத்துவிட்டாள் என்று துரீத்தை அவன் வைத வசவுகளை இங்கே எழுத முடியாது. மாதம் ஒருமுறை ஸ்கார்விக் போய் போர்கில்டுக்கு விறகு பிளந்து அடுக்கிவிட்டு வந்தான். இருவரும் காபி குடிப்பார்களாம். அவர் கதவை இன்னும் மூடுவதில்லையாம்.

இறந்தவர்களுக்கு எல்லோரும் விளக்கேற்றும் நவம்பர் முதல் ஞாயிறன்று நாங்கள் இருவரும் ரயிலேறி, பஸ் மாறி, அந்தப் பெயரில்லாத பெண்ணின் கல்லறைக்குப் போனோம். மழையும் பனியும் கலந்து விழுந்துகொண்டிருந்தது. கல்லறைத் தோட்டம் முழுவதும் விளக்குகள், குடும்பம் குடும்பமாக ஆட்கள். ஓரத்தில், வெறும் எண் பொறித்த ஒரு சின்னக் கல். எங்களுக்கு முன்பே வேறு யாரோ வந்து குனிந்து நின்றுவிட்டுப் போனது போல அங்கே மட்டும் பனி கலைந்திருந்தது. ஆட்டின் காலடியாகவும் இருக்கலாம். ஆஸ்லாக்கிடம் காட்டவில்லை.

அவன் மண்டியிட்டு மெழுகுவர்த்தியைக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தான். தீக்குச்சி மூன்று தடவை அணைந்தது. ஏற்றியதும் எழுந்து நின்று, பக்கத்துக் கல்லறைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி, சத்தமாகவே சொன்னான்.

"நான் தேடினவ கெடச்சுட்டா. ஆனாலும் வருவேன். இது என் வீட்டுக்காரி, கூரோ."

நான் அந்தக் கல்லைப் பார்த்துத் தலை குனிந்து வணக்கம் சொன்னேன். பிறகு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம்.